சந்தேகப்படத் தெரிந்தவருக்கு வேலை உண்டு

"உயிரியல்னா செடி, பூச்சி, மனுச உடம்பு. கம்ப்யூட்டர்னா ஐ.டி. கம்பெனி. இந்த ரெண்டையும் சேர்த்து ஒரு படிப்பு இருக்காம், அதுல ஆராய்ச்சி பண்ணப்போறேன்னு சொல்றா என் பொண்ணு. நெசமாவே அப்படி ஒரு வேலை இருக்குதா தம்பி?"

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து டீக்கடையில் ஒரு நெசவாளர் அண்ணன் என்னிடம் இப்படிக் கேட்டார். மகள் பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் குரூப். மருத்துவச் சீட்டுக்கு மதிப்பெண் எட்டவில்லை, பொறியியலில் மனம் ஒட்டவில்லை. பள்ளியில் யாரோ ஒரு டீச்சர் 'கணக்கீட்டு உயிரியல்' என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியாது. இதே கேள்வியோடு தமிழ்நாடு முழுக்க எத்தனையோ அப்பாக்களும் அம்மாக்களும் இருக்கிறார்கள். ஆகவே அன்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அவர் கைக்குப் பழகிய பொருளிலிருந்தே தொடங்கினேன்.

கச்சாப் பட்டைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் பசை கழன்றுபோகும், எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறையும். சாயம் போடுகிற எல்லாருக்கும் இது தெரியும். போகிற பசை செரிசின் என்ற புரதம். தங்குகிற இழை ஃபைப்ராயின் என்ற புரதம். அமினோ அமிலம் என்ற சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நீண்ட சங்கிலியாக நின்றால் அதுதான் புரதம். உயிர்கள் இதற்குப் பயன்படுத்தும் அமினோ அமிலங்கள் 20 வகை. பட்டுப்புழுவின் ஃபைப்ராயினில் உள்ள பெரிய சங்கிலியின் நீளம் 5,263 அமினோ அமிலங்கள். அந்த வரிசையைத் தாளில் எழுதினால் பெரும்பகுதி ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும்: கிளைசின், அலனின், கிளைசின், அலனின், கிளைசின், செரின். 20 வகை இருந்தும் இந்த மூன்று மட்டுமே நூற்றுக்கு 88 பங்கை எடுத்துக்கொள்கின்றன.

அப்படி ஏன் இருக்க வேண்டும்? அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது கிளைசின். அதன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பது ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. அதனால் சங்கிலிகள் இடித்துக்கொள்ளாமல் பக்கத்தில் பக்கத்தில் படுக்க முடிகிறது, ஒரு அடுக்கின் மேல் இன்னொரு அடுக்கு நெருங்கி உட்கார முடிகிறது. மயிரிழையை விட மெல்லிய இழை இத்தனை இழுவையைத் தாங்குவதற்கு முக்கியக் காரணம் இந்த நெருக்கம். 1955-இல் அமெரிக்காவில் மார்ஷ், கோரி, பாலிங் மூவரும் எக்ஸ்-கதிர் படங்களை வைத்துக் கணக்குப் போட்டு இந்த அடுக்கு அமைப்பைச் சொன்னார்கள்.

பிறகு காலம் மாறியது. புரதத்தைச் செய்யச் சொல்லும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. அதைப் படிக்கும் இயந்திரங்கள் வந்தன. 2004-இல் சீனக் குழு ஒன்றும் ஜப்பானியக் குழு ஒன்றும் தனித்தனியாகப் பட்டுப்புழுவின் மொத்த மரபணுத் தொகுதிக்கு முதல் வரைவைக் கொடுத்தன. 2008-இல் இரண்டையும் சேர்த்துச் செம்மைப்படுத்தினார்கள்: 28 குரோமோசோம்கள், 43 கோடி டி.என்.ஏ. எழுத்துகள், 14,000-க்கு மேற்பட்ட மரபணுக்கள். நம் நாட்டில் ஹைதராபாத்தின் டி.என்.ஏ. ரேகை ஆய்வு மையத்தில் ஜே. நாகராஜுவின் குழு பட்டுப்புழுக்களுக்கும் காட்டுப் பட்டுப்பூச்சிகளுக்கும் மரபணுத் தரவுத்தளங்களை உருவாக்கியது. புழுக்களைக் கூட்டமாகச் சாகடிக்கும் கிராசரி வைரஸை எதிர்த்து நிற்கும் புழுவை உருவாக்குவதிலும் அதே குழு முன்னேறியது.

43 கோடி எழுத்துகளை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க முடியாது. எந்த இடத்தில் மரபணு தொடங்குகிறது, எங்கே முடிகிறது, இந்தப் புழுவில் இருப்பதும் அந்தப் புழுவில் இருப்பதும் எங்கே வேறுபடுகின்றன, அந்த வேறுபாட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்பதைக் கணிதத்தாலும் கணினியாலும்தான் தேட முடியும். உயிர்களிடமிருந்து அளந்து எடுத்த தரவுகளைச் சேர்த்து, ஒழுங்குபடுத்தி, கணக்கிட்டு, அதிலிருந்து உயிரைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்வதுதான் கணக்கீட்டு உயிரியல். உயிர்த் தகவலியல் என்றும் இதைச் சொல்கிறார்கள்.

"இதெல்லாம் சீனாக்காரன், ஜப்பான்காரன் பண்றது. நம்ம ஊர்ல?" என்றார் அண்ணன்.

இந்தத் துறையின் அடித்தளக் கற்களில் ஒன்று சென்னையில் போடப்பட்டது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1952-இல் ஜி. என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பதுதான். அந்த ஆண்டு சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே. டி. பெர்னல், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் புரதம் அது. அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அங்கிருந்து மாதிரி வாங்கி, எக்ஸ்-கதிர் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் 'நேச்சர்' இதழில் ராமச்சந்திரன் விடை சொன்னார்: மூன்று சங்கிலிகள் முறுக்கிக்கொண்ட அமைப்பு.

அடுத்த ஆண்டே மறுப்பு வந்தது. இங்கிலாந்திலிருந்து அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும், அந்த மாதிரியில் சில அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு நெருங்கி இருக்கின்றன என்று எழுதினார்கள். உலகம் மதிக்கும் பெயர்கள். ராமச்சந்திரன் அந்த மறுப்பை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டார். எவ்வளவு நெருங்கலாம் என்று யார் வரையறுத்தார்கள்? அந்த வரையறைக்கு ஆதாரம் என்ன?

சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் அவரோடு சேர்ந்தார்கள். அதுவரை உலகத்தில் அச்சான சிறு மூலக்கூறுப் படிகங்களின் ஆய்வுகளையெல்லாம் தேடி எடுத்து, இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பட்டியல் போட்டார்கள். பிறகு புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவையும் எந்தக் கோணத்தில் திருப்பினால் அணுக்கள் மோதும், எந்தக் கோணத்தில் மோதாது என்று மேசைக் கணக்கு இயந்திரத்தில் தட்டித் தட்டிக் கணக்கிட்டார்கள். நம் முழங்கை முன்னால் மடங்கும், பின்னால் மடங்காது. அதுபோலப் புரதத்தின் ஒவ்வொரு கணுவுக்கும் மடங்கக்கூடிய திசைகள் உண்டு, கூடாத திசைகள் உண்டு. அவற்றை இரண்டே கோணங்களில் ஒரு சதுரப் படமாக வரைந்து 1963-இல் வெளியிட்டார்கள். உலகம் அதை ராமச்சந்திரன் வரைபடம் என்கிறது. சதுரத்தின் பெரும்பகுதி கூடாத பகுதி. கூடிய பகுதிகள் சில தீவுகள் மட்டுமே. பட்டின் அடுக்குச் சங்கிலிகள் இருப்பது இடது மேல் மூலையில் உள்ள தீவில்.

முழு அமைப்பும் தெரிந்த புரதங்களை விரல் விட்டு எண்ணக்கூடிய காலம் அது. பெரும்பாலான புரதங்களின் அமைப்பு கண்டுபிடிக்கப்படும் முன்பே அவை எப்படி இருக்க முடியாது என்று கிண்டியில் உட்கார்ந்து கணக்கால் சொல்லிவிட்டார்கள். அறுபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் படம் ஓய்வு பெறவில்லை. இன்றும் உலகத்தில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அதை ஒப்புக்கொள்ளும் முன் இந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். கூடாத பகுதியில் நிறைய புள்ளிகள் விழுந்தால் கண்டுபிடித்தவர் எங்கோ தவறியிருக்கிறார் என்று பொருள். மறுப்பை எதிர்கொள்ளப் போய்ப் பிறந்த படம், மற்றவர்களின் விடைகளைச் சந்தேகிக்கும் கருவியாக நிலைத்துவிட்டது.

இதைக் கேட்டதும் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்: "இப்பதான் ஏ.ஐ. வந்துடுச்சே. எல்லாத்தையும் அதுவே சொல்லிடும்ங்கறாங்க. என் பொண்ணு படிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த வேலை இருக்குமா?"

நியாயமான பயம். அதற்குப் பதில் சொல்ல எண்களைப் பார்க்க வேண்டும். புரத அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் உலகப் பொதுத் தரவு வங்கி 1971-இல் தொடங்கியபோது அதில் இருந்தவை 7 அமைப்புகள். 2023-இல் அது இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஒவ்வொன்றும் யாரோ ஒரு ஆராய்ச்சி மாணவர் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு எடுத்தது. இந்தக் களஞ்சியத்தைப் படித்துத்தான் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொண்டது. அமினோ அமில வரிசையைக் கொடுத்தால் புரதம் எப்படி மடங்கும் என்று அது ஊகிக்கும். 2020-இல் புரத அமைப்பை ஊகிக்கும் உலகப் போட்டியில் வென்றது, 2022-க்குள் 20 கோடிப் புரதங்களுக்கு ஊகம் கொடுத்துவிட்டது. 2024-இல் அதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும், புதுப் புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது.

பெரிய சாதனை, ஐயமில்லை. ஆனால் அந்த 20 கோடியும் ஊகங்கள். ஒவ்வொரு புரதத்திலும் எந்த இடத்தை எவ்வளவு நம்பலாம் என்று ஆல்ஃபாஃபோல்டே மதிப்பெண் போட்டுத் தருகிறது. சில இடங்களில் மதிப்பெண் மிகக் குறைவு. ஒரு புரதம் இன்னொன்றோடு சேரும்போது என்ன ஆகும், ஒரு எழுத்து மாறினால் நோய் வருமா, ஒரு மருந்து அங்கே ஒட்டுமா என்பவை இன்னும் திறந்த கேள்விகள். இயந்திரம் விடைகளைக் குவிக்கக் குவிக்க, எந்த விடை உண்மை, எது அழகாகத் தோன்றும் பிழை என்று பிரித்துச் சொல்பவரின் தேவை கூடுகிறது. உயிரியலும் தெரிந்து கணிதமும் தெரிந்தவரால்தான் அதைச் செய்ய முடியும். பொத்தானை அழுத்தத் தெரிந்தவரின் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளலாம். விடையைச் சந்தேகப்படத் தெரிந்தவரின் வேலையை அது எடுத்துக்கொள்ளாது. மகளின் எதிர்காலம் பற்றிக் கேட்கும் அப்பாவிடம் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

நம் மக்களுக்கு இந்த வேலை ஏன் அவசரம் என்பதற்கு மதுரையிலிருந்து ஒரு எடுத்துக்காட்டு. இதயத் தசை பலவீனமாகும் நோய் சில குடும்பங்களில் தலைமுறையாக வருகிறது. மதுரையில் சிகிச்சைக்கு வந்தவர்களிடமிருந்து தொடங்கி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெருந்துறை தண்டபாணியும் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் கே. தங்கராஜும் அவர்களோடு பலரும் 2009-இல் ஒரு காரணத்தை வெளியிட்டார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. நாடெங்கும் பல சமூகங்களின் தரவைப் பார்த்தபோது, இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேர் வரை இந்த மாற்றத்தைச் சுமப்பது தெரிந்தது. ஐரோப்பியர்களின் மரபணுக்களை மட்டும் படித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. அதோடு கதை முடியவில்லை. இந்த 25 எழுத்துகளோடு சேர்ந்து வரும் இன்னொரு மாற்றத்துக்கும் நோயில் பங்கு இருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. பாதி வேலை கண்டுபிடிப்பது, மீதிப் பாதி கண்டுபிடித்ததைத் திருத்திக்கொண்டே இருப்பது.

இந்தியர்களின் மரபணுத் தரவு போதாத குறையைப் போக்கத்தான் 2020-இல் ஜீனோம் இந்தியா திட்டம் தொடங்கியது. 20 நிறுவனங்கள் சேர்ந்து 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்தன. ஒரு மனிதருக்கு 300 கோடி எழுத்துகள். 2025 ஜனவரியில் இந்தத் தரவு ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையம் அதைக் காக்கிறது. அடுத்த மாதமே சென்னை ஐ.ஐ.டி. 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் திசுக்களிலிருந்து படித்த மரபணுத் தரவைப் 'பாரத் புற்றுநோய் மரபணு அட்லஸ்' என்று வெளியிட்டது. நம் பெண்களின் கட்டிகளில் என்ன மாற்றங்கள் இருக்கின்றன என்று நம் தரவிலிருந்தே கேட்க இப்போதுதான் வழி பிறந்திருக்கிறது. தரவு இருக்கிறது, படிக்க ஆள் போதவில்லை.

தரவு என்றதும் அது கணினிக்குள் தானாக விளைவது என்று நினைத்துவிடக் கூடாது. 1968-இல், காஞ்சிபுரமும் சேர்ந்திருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பகுதிக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்குமா என்பது கேள்வி. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டு, யாருக்கு எது போட்டோம் என்பதை மறைத்து வைத்து, வீடு வீடாகப் போய் 15 ஆண்டுகள் கவனித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று விடை வந்தது. யாரும் எதிர்பார்த்த விடை அன்று, விரும்பிய விடையும் அன்று. அப்படியே வெளியிட்டார்கள். குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளிலிருந்து பி.சி.ஜி. காப்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஆனால் பெரியவர்களுக்கு வேறு தடுப்பூசி தேவை என்று உலகம் தேடுவதற்குப் பின்னால் நம் பக்கத்துக் கிராமத்துப் பதிவேடுகள் இருக்கின்றன. வெயிலில் நடந்து எழுதியவரின் எழுத்து பிழையாக இருந்தால், அதன் மேல் எந்தக் கணினி எந்தக் கணக்குப் போட்டாலும் விடை பிழைதான்.

"அப்போ தினமும் இந்தப் புள்ளைங்க என்னதான் செய்யும்? கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருக்குமா?"

பெரும்பாலும் ஆமாம். வேலை நேரத்தில் பாதிக்கு மேல் தரவைச் சுத்தம் செய்வதில் போகும். ஒரே நோயாளி இரண்டு பெயரில் பதிந்திருப்பார். ஒரு ஆய்வகம் கிராமில் எழுதியிருக்கும், இன்னொன்று மில்லிகிராமில். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே அரீஜித் சமாலின் குழு இந்திய மூலிகைகளுக்கு ஒரு தரவுத்தளம் செய்தது. மரபு மருத்துவ நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் வரி வரியாகப் படித்து, எந்தச் செடியின் எந்தப் பாகத்தில் எந்த வேதிப்பொருள் இருக்கிறது என்று பதிந்தார்கள். ஒரே செடிக்கு நூலுக்கு நூல் பெயர் மாறும். அத்தனையையும் ஒத்துப் பார்த்தாக வேண்டும். 2018-இல் 1,742 செடிகளோடு வெளியானது, அடுத்த பதிப்பில் 4,010 செடிகளும் 17,967 வேதிப்பொருள்களுமாக வளர்ந்தது. மருந்து தேடும் எவரும் இன்று இலவசமாக அதைப் பயன்படுத்தலாம். புகழ் உடனே வராத வேலை. பொறுமை உள்ளவர்களுக்கு ஏற்ற வேலை.

மீதி நேரம் நிரல் எழுதுவது, புள்ளியியல் கணக்கு, கட்டுரைகள் படிப்பது, ஆய்வகத்தில் கையால் சோதனை செய்பவர்களோடு உட்கார்ந்து பேசுவது. இந்தக் கடைசி வேலையை லேசாக நினைக்க வேண்டாம். சோதனைக் குழாய் பிடிப்பவர் சொல்வது புரியாவிட்டால் அவர் தந்த எண்களும் புரியாது.

"சரி தம்பி, என்ன படிக்க வைக்கறது?"

இங்கேதான் நான் பெற்றோரை எச்சரிக்க விரும்புகிறேன். மனித மரபணுத் தொகுதியின் வரைவு 2001-இல் வந்ததும் நம் மாநிலத்தில் உயிர்த் தகவலியல் என்ற பெயரில் இளநிலைப் படிப்புகள் வேகமாக முளைத்தன. சில இடங்களில் நன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள். பல இடங்களில் உயிரியலும் மேலோட்டம், கணினியும் மேலோட்டம். அப்படி வந்த பிள்ளைகளை ஐ.டி. கம்பெனியும் எடுக்கவில்லை, ஆய்வகமும் எடுக்கவில்லை. பட்டத்தின் பெயரில் துறை இருப்பது முக்கியமில்லை. ஏதாவது ஒன்றில் ஆழமாக வேரூன்றி, மற்றொன்றைத் துணிந்து கற்றுக்கொள்வதே பலமான வழி. இயற்பியல், கணிதம், புள்ளியியல், கணினி அறிவியல், உயிரி வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், தாவரவியல், விலங்கியல், இவற்றில் எதிலிருந்தும் இங்கே வரலாம். ராமச்சந்திரன் இயற்பியல்காரர். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, கலிபோர்னியாவில் மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். 2009-இல் வேதியியல் நோபல் பெற்றார்.

பயோ-மேத்ஸ் முடித்த பெண்ணுக்குக் கையில் ஏற்கெனவே இரண்டு வேரும் இருக்கின்றன. கணிதத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. இளநிலையில் எந்தப் பாடம் எடுத்தாலும் கூடவே புள்ளியியலும் ஒரு நிரல் மொழியும் படிக்க வேண்டும். பைத்தான் அல்லது ஆர், ஏதேனும் ஒன்று போதும். லினக்ஸ் இயங்குதளத்தில் வேலை செய்யப் பழக வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் மைக்கேல் குரோமிஹா, கார்த்திக் ராமன் ஆகியோரின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளம் வழியாக இலவசமாகக் கிடைக்கின்றன. இளநிலை படித்துக்கொண்டே சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பை இணையவழியில் சேர்த்துப் படிக்கவும் வழி இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பொறுத்து அதில் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பயணத்துக்கும் இணையத்துக்கும் ஆகும்.

முதுநிலைக்கு மதுரை காமராசர், பாரதியார், அழகப்பா, புதுச்சேரி பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. 1986-87-இலேயே இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நாடு முழுக்க உயிரித் தகவல் மையங்களை இணைக்கத் தொடங்கியது. மதுரை அந்த வலையில் முன்வரிசையில் இருந்தது. அதன் பிறகு ஆராய்ச்சிப் பட்டத்துக்கு சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட், கேட், உயிரித் தொழில்நுட்பத் துறையின் பெட் போன்ற தேர்வுகள். சேரக்கூடிய ஆராய்ச்சி நிறுவனங்கள்: தரமணியில் கணித அறிவியல் நிறுவனம், கிண்டியில் ஐ.ஐ.டி., பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகமும் என்.சி.பி.எஸ்.ஸும், திருப்பதியில் ஐசர். காஞ்சிபுரத்திலிருந்து இவையெல்லாம் ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கின்றன.

ஆங்கிலம் பற்றிப் பயப்படுகிறார்கள். கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன, அதை மறைக்க முடியாது. ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரையின் ஆங்கிலம் குறுகியது, அதே சொற்கள் திரும்ப வரும். தமிழ் வழியில் படித்து வந்த ஒருவர் நாளுக்கு ஒரு பக்கம் என்று தொடங்கினால் ஓராண்டில் பழகிவிடும். தமிழில் யோசிப்பதை மட்டும் அதற்காக நிறுத்த வேண்டாம்.

இந்தத் துறை தனக்கு ஒத்துவருமா என்று செலவில்லாமல் பார்த்துவிடவும் முடியும். யூனிபுராட் என்ற பொதுத் தரவுத்தளத்தில் P05790 என்ற எண்ணைத் தேடினால், நான் மேலே சொன்ன பட்டுப் புரதத்தின் 5,263 அமினோ அமிலங்களும் எழுத்துகளாக வரும். அதை இறக்கி, ஒவ்வொரு எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஒரு சிறு நிரல் எழுதலாம். திரும்பத் திரும்ப வராத பகுதிகள் எங்கே இருக்கின்றன, அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று கேட்கலாம். காட்டுப் பட்டுப்பூச்சியின் புரதத்தோடு ஒப்பிடலாம். எண்ணி முடித்ததும் சலிப்பு வந்தால் வேறு துறை பார்க்கலாம், அதில் குற்றமில்லை. ஒரு கேள்வி முடியும் முன் அடுத்த கேள்வி தானாக வந்தால், படிக்க வையுங்கள்.

கடைசியில் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வருமானம்?"

மறைக்காமல் சொல்ல வேண்டிய இடம் இது. தகுதித் தேர்வில் வென்று ஆராய்ச்சிக்குச் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. 2023 ஜனவரி முதல் உள்ள விகிதம் இது. பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 70,000-இல் தொடங்கும், ஆனால் அது மிகச் சிலருக்கே. உதவித்தொகை மாதாமாதம் வந்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது, சில மாதம் தள்ளி வருவதும் உண்டு. முனைவர் பட்டம் முடிக்க ஐந்தாறு ஆண்டுகள். பிறகு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் முதுமுனைவர் ஆய்வு, பலருக்கு வெளிநாட்டில். நிரந்தரப் பேராசிரியர் வேலை முப்பதுகளின் நடுவில்தான் கிடைக்கும், அதற்குப் போட்டியும் கடுமை. இந்த ஆண்டுகளில் "எப்போ கல்யாணம், எப்போ சம்பளம்" என்று உறவினர் கேட்பார்கள். பெண் பிள்ளையிடம் இரண்டு மடங்கு கேட்பார்கள். அப்போது அவளுக்குப் பதில் பேச வேண்டியவர் அப்பாதான்.

எல்லாரும் பேராசிரியராக வேண்டும் என்பதும் இல்லை. முதுநிலையோடு நிறுத்தினாலும் மரபணுப் பரிசோதனை நிறுவனங்களில் தரவு ஆய்வாளர் வேலை இருக்கிறது, பெங்களூருவில் அதிகம், சென்னையிலும் உண்டு. மருந்துச் சோதனைகளில் புள்ளியியலாளர் வேலை இருக்கிறது. நெல், பயறு ரகங்களை மேம்படுத்தும் வேளாண் ஆய்வுகளில் இடம் இருக்கிறது. நிரலும் புள்ளியியலும் உறுதியாகத் தெரிந்தவருக்கு, உயிரியல் வேலை கிடைக்காத காலத்திலும் வேறு துறைக் கதவுகள் திறக்கும். மேலோட்டமாகப் படித்தவருக்குத்தான் எந்தக் கதவும் திறப்பதில்லை.

அதனால் அண்ணனிடம் ஒரு வேலை கொடுத்தேன். எந்தக் கல்லூரிக்கும் பணம் கட்டும் முன் நேரில் போய் மூன்று கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் கணிதமும் புள்ளியியலும் இருக்கிறதா? மாணவர்கள் உண்மையான தரவை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றைக் காட்ட முடியுமா? கடந்த மூன்று ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? விளம்பரத் தாளில் இருப்பதை ஒப்பித்தால் வந்துவிடுங்கள். பெயர் சொல்லி, ஆய்வைக் காட்டி, எங்களுக்கு இது இருக்கிறது, இது இல்லை என்று நேராகப் பேசினால் சேர்க்கலாம். மகளையும் கூட அழைத்துப் போங்கள், கேள்விகளை அவளே கேட்கட்டும். சொல்வதை அப்படியே நம்பாமல் ஆதாரம் கேட்பதுதான் இந்தத் துறையின் முதல் பாடம், அதைக் கல்லூரி வாசலிலேயே தொடங்கிவிடலாம்.